மன்னிக்க ஆள் வேண்டுமே!

மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் ஒருவர் திரைப்படத்தைப் பற்றி எழுத வந்தால் உங்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளித்தாலும் பாதகமில்லை, பொறுமையோடு முழுவதும் படித்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது சென்னையில் கல்லூரியில் பயில்கிறார். விடுமுறைக்குத் திண்டுக்கல் வந்தவர், “ஹஜ்ரத், பகரா சூராவில் நீங்கள் நடத்திய பசுவின் வரலாற்றைச் சொல்லித் தொடங்கும் ஈரானியப் படம் ஒன்று இருக்கிறது. ஒரு தடவை பார்த்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்” என்று மடிக்கணினியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். பாட்டில்லை, ஆட்டமில்லை, அடிதடியும் இல்லை. பாரசீகப் பேச்சு, அடியில் ஆங்கில எழுத்து. இஷாவுக்குப் பின் பார்க்கத் தொடங்கினோம். மாணவர் விடைபெற்றுச் சென்ற பிறகும் எனக்கு உறக்கம் வரவில்லை.

படத்தின் பெயரை ‘வெள்ளைப் பசுவின் கஸீதா’ என்று தமிழில் சொல்லலாம். பெஹ்தாஷ் ஸனாயீஹா, மர்யம் முகத்தம் என்னும் இருவர் சேர்ந்து இயக்கியது. 2021ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. சொந்த நாட்டில் பொதுமக்களுக்குத் திரையிட அனுமதி கிட்டவில்லை. மீனா என்னும் பெண் பால் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவளுடைய கணவன் கொலைக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டவன். காது கேளாத சிறு மகள் ஒருத்தி. தகப்பன் தொலைதூரம் போயிருக்கிறான் என்றே அந்தக் குழந்தையிடம் சொல்லி வைத்திருக்கிறாள். தண்டனை நிறைவேறி ஓராண்டு சென்றபின் அரசு அலுவலகத்திலிருந்து அழைப்பு வருகிறது. உண்மையான குற்றவாளி வேறொருவன் என்று தெரிய வந்துவிட்டதாம். உன் கணவன் நிரபராதியாம். அவனுக்குரிய இரத்த ஈட்டுத்தொகையை அரசு கொடுத்துவிடுமாம். செய்தி அவ்வளவுதான்!

மீனா கேட்பது பணத்தை அல்ல. தீர்ப்பளித்தவர்கள் தன்னிடம் வந்து வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்கிறாள். அந்த ஒன்றை மட்டும் யாரும் தரச் சித்தமாக இல்லை. இந்நிலையில் ரெஸா என்பவர் அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். “உங்கள் கணவரின் பழைய நண்பன், அவரிடம் பட்ட கடனைத் திருப்பித் தர வந்தேன்” என்கிறார். அந்நிய ஆடவனை வீட்டுக்குள் விட்டாள் என்று குற்றம் சாட்டி, வீட்டுக்கார அம்மாள் அவளைக் காலி செய்யச் சொல்கிறாள். ரெஸாவே குறைந்த வாடகையில் வீடு தருகிறார். குழந்தையிடம் அன்பு காட்டுகிறார். அவர் யார் என்பது பார்க்கும் நமக்கு விரைவிலேயே தெரிந்துவிடுகிறது. அவள் கணவனுக்கு மரண தண்டனை விதித்த நீதிபதிகளுள் ஒருவர்! மனசாட்சி உறுத்தப் பதவியைத் துறந்தவர். ஆனால் அந்த உண்மையை மட்டும் அவளிடம் சொல்லும் துணிவு அவருக்கு இல்லை. இடையில் அவருடைய ஒரே மகனும் இறந்துபோக, துக்கத்தில் படுத்தவரை மீனாதான் பணிவிடை செய்து எழுப்பி உட்கார வைக்கிறாள். தன் குடும்பத்தின் சாவுக்குக் கையெழுத்திட்ட மனிதருக்கு, அதை அறியாமலேயே!

துப்பறியும் கதைகளில் கொன்றவன் யார் என்பது கடைசிப் பக்கத்தில் தெரியும். இங்கே கொன்றவன் யார் என்பது ஆரம்பத்திலேயே தீர்ந்துபோகிறது. ‘எனக்கு இவ்வளவு நன்மை செய்யும் இந்த மனிதர் யார்?’ என்பதே மர்மம். விடை தெரிந்த நாளில் மீனா ஒரு குவளைப் பாலோடு அவர் முன்னால் வந்து நிற்கிறாள். அதன்பின் நடப்பதை இயக்குநர்கள் திட்டமாகச் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை.

பசுவின் வரலாறு உங்களுக்குத் தெரிந்ததுதான். மூஸா (அலை) அவர்களின் சமூகத்தில் ஒருவன் கொல்லப்பட்டுக் கிடந்தான். பழியை ஒருவர்மீது ஒருவர் தள்ளினர். ஒரு பசுவை அறுங்கள் என்று இறை கட்டளை வந்தது. என்ன வயது, என்ன நிறம், எத்தகையது என்று கேள்விமேல் கேள்வி கேட்டு நாளைக் கடத்தினர். இறுதியில் அந்தப் பசுவின் ஒரு பகுதியைக் கொண்டே, அவர்கள் மறைத்து வைத்திருந்ததை அல்லாஹ் வெளிப்படுத்தினான். அருள்மறை கூறும் பசுவின் நிறம் மஞ்சள். படத்தில் சிறை முற்றத்தில் நிற்பதோ வெள்ளைப் பசு. என் மாணவரிடம் இதைச் சுட்டிக்காட்டியபோது, குற்றமற்றவன் பலியானதைக் காட்ட அப்படி வைத்திருப்பார்கள் என்றார். இருக்கலாம். எனக்குப் பட்டது வேறு. அந்த வரலாற்றின் நோக்கம் மறைந்திருந்த கொலையாளியின் முகத்தை வெளியே கொண்டு வருவது. படத்தில் அறுப்பு நடந்துவிட்டது. முகம் மட்டும் வெளியே வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘இறைவனின் நாட்டம் அப்படி’ என்று மீனாவுக்குச் சுற்றியிருப்போர் ஆறுதல் சொல்கிறார்கள். விதியை நம்புவது நம் ஈமானின் பகுதி. ஆனால் விசாரணையில் கவனம் தவறியவர், தம் தவற்றின்மீது போர்த்திக்கொள்ளும் போர்வையாக விதியை எடுத்துக்கொள்ள மார்க்கம் இடமளிக்கவில்லை. நீதிபதிகள் மூவகையினர், அவர்களுள் இரு வகையினர் நரகத்திற்குரியோர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அறியாமையோடு தீர்ப்பளிப்பவரும் அந்த இருவகைக்குள் அடக்கம்.

அன்பர்களே! இந்தப் படம் ஏன் என் உறக்கத்தைக் கெடுத்தது என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

என் அத்தா பேகம்பூரிலிருந்து சைக்கிளில் தோல் ஷாப்புக்கு வேலைக்குச் சென்று வந்தவர். 1993ஆம் ஆண்டு ஒரு நாள் பஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்பட்டவர், வத்தலக்குண்டு சாலையில் லாரி மோதி அந்த இடத்திலேயே வஃபாத்தானார். லாரி நிற்காமல் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து வண்டியைப் பிடித்தார்கள். ஓட்டுநர் என்று ஒருவர் தாமே வந்து ஒப்புக்கொண்டார். அவர் உண்மையில் ஓட்டியவர் அல்லர், முதலாளி வீட்டுப் பையன் ஓட்டினான், அவனுக்கு உரிமமும் இல்லை என்று ஊரில் பேச்சு. கண்ணால் கண்டவர் எவரும் சாட்சி சொல்ல முன்வரவில்லை. வழக்கு சில ஆண்டுகள் நடந்தது. கடைசியில், அவர்தாம் ஓட்டினார் என்பது ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி அந்த மனிதரும் விடுதலையானார். ஆக, எங்கள் அத்தாவை மோதியவர் என்று எவருமே இல்லை!

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த வாரம், லாரிக்காரர் தரப்பிலிருந்து இரு பெரியவர்கள் ஒரு காகித உறையோடு வந்தனர். பதினையாயிரம் ரூபாய். அந்த நாளில் எங்களுக்கு அது பெரும் பணம். அம்மா திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஓட்டுனவன் வரலியா?” வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். “அதெல்லாம் எதுக்கும்மா இப்போ? புள்ளைங்களப் பாருங்க. மன்னிச்சு விட்டுட்டா அல்லாஹ்கிட்ட நன்மை” என்றார் ஒருவர். “மன்னிக்கிறேன் பாய். யாரைன்னு சொல்லுங்க” என்றார் அம்மா. உறை திரும்பிப் போயிற்று. பிற்பாடு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் மூலம் காப்பீட்டுத் தொகை வந்தது. அது சட்டப்படி எங்களுக்குரியது என்று வாங்கிக்கொண்டார். அதில்தான் தங்கையின் நிக்காஹ் நடந்தது. நான் பட்டப்படிப்பு முடித்ததும் அதில்தான்.

அம்மா பிடிவாதக்காரி என்று உறவினர் சிலர் பேசினர். சிறுவனாக இருந்த நானும் அந்த உறையை நினைத்து ஏங்கியதுண்டு. ஹதீஸ் நூல்களை முறையாக ஓதத் தொடங்கியபோதுதான் அம்மாவின் கேள்வியின் எடை எனக்குப் புரிந்தது. உஹதுப் போரில் பெருமானாரின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டியெறிந்து கொன்றவர் வஹ்ஷி. மக்கா வெற்றிக்குப் பின் தாயிஃபுக்கு ஓடிப்போனவர், பிறகு தாமே அண்ணலாரின் முன்னிலையில் வந்து நின்றார். நீர்தாமே ஹம்ஸாவைக் கொன்றவர் என்று கேட்கப்பட்டபோது மறைக்கவில்லை. அவர் ஏற்றுக்கொண்ட இஸ்லாத்தை அண்ணலார் ஏற்றார்கள், பழி தீர்க்கவில்லை. ஆனால் உம் முகத்தை என் பார்வையில் படாமல் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுக்கொண்டார்கள். அகிலத்தின் அருட்கொடையாக வந்தவர்களின் உள்ளத்திலும் அந்தத் துயரம் ஆறாமல் இருந்தது! மன்னித்தால் துக்கம் மறைந்துவிடும் என்று மய்யித்து வீட்டில் உட்கார்ந்து உபதேசம் செய்கிறவர்கள் இந்த நிகழ்ச்சியை மறுபடி ஒருமுறை ஓதிப் பார்க்க வேண்டும். வஹ்ஷிக்கு மன்னிப்புக் கிடைத்தது. அவர் வஹ்ஷியாகவே வந்து நின்றார்.

படத்து ரெஸா அப்படி வரவில்லை. வீடு கொடுத்தார், பணம் கொடுத்தார், குழந்தையைச் சீராட்டினார். எல்லாவற்றையும் வேறொருவராக இருந்துகொண்டு கொடுத்தார். எனவே மீனா அவரை மன்னிக்க வழியே இல்லாமற் போயிற்று. தெரிய வந்தபோது அவர் செய்த நன்மைகள் அனைத்தும் அவளுக்கு ஏமாற்றாகவே தெரிந்திருக்கும்.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சிறிது பேசுவோம். கொலைக்குப் பழிக்குப் பழி என்னும் கிஸாஸ் விதியைக் கூறும் பகராவின் 178ஆம் வசனம், அதே மூச்சில் மன்னிப்பையும் கூறுகிறது. கொல்லப்பட்டவரின் வாரிசைக் கொன்றவருடைய ‘சகோதரர்’ என்றே அந்த வசனம் குறிப்பதை, ஓதும் மாணவர்களிடம் நான் தவறாமல் எடுத்துக்காட்டுவேன். பழி கேட்கவும், ஈட்டுத்தொகை பெறவும், எதுவும் பெறாமல் விட்டுவிடவும் உரிமை வாரிசுகளுக்கே உண்டு. வாரிசுகளுள் ஒருவர் மன்னித்தாலும் மரண தண்டனை விழுந்துவிடும் என்பது நம் ஹனஃபி நூல்களில் உள்ள சட்டம்.

நம் நாட்டுச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. இங்கே கொலை அரசுக்கு எதிரான குற்றம். இரு தரப்பும் சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலில் கொலை இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320ஆம் பிரிவிலும் இல்லை, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 359ஆம் பிரிவிலும் இல்லை. தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அரசியல் சாசனத்தின் 72, 161 ஆகிய பிரிவுகளின்படி குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் உரியது. நெடுங்காலம் பாதிக்கப்பட்ட குடும்பம் சாட்சிக் கூண்டில் ஏறி இறங்குவதோடு சரி. 2009இன் இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகே, விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை அதற்குக் கிடைத்தது. எங்கள் அம்மாவுக்கு அந்த உரிமை வாய்க்கவில்லை. சமரசத்திற்கு இடமில்லாத இந்த முறையில் நன்மையும் உண்டு. பணக்காரன் ஏழையின் உயிருக்கு விலை பேசித் தப்பிக்க இயலாது என்பது சிறிய காரியமா?

இருந்தும் மனித மனம் சட்டத்துக்குள் அடங்குவதில்லை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கை எண்ணிப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் நளினியின் மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்ததற்கு சோனியா காந்தியின் வேண்டுகோளும் ஒரு காரணம். 2008 மார்ச்சில் பிரியங்கா காந்தி வேலூர்ச் சிறைக்கே சென்று நளினியை நேரில் சந்தித்தார். தந்தையைப் பறிகொடுத்த மகள், குற்றவாளி தன்னிடம் வரமுடியாத நிலையில், தானே அவளைத் தேடிப் போனார். அதே குண்டு வெடிப்பில் காவலர்கள், தொண்டர்கள் என வேறு பலரும் மாண்டனரே! 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மீதமிருந்தோரையும் விடுவித்தபோது, அன்று பாதிக்கப்பட்டவர்களுள் சிலர் அதை எதிர்த்தே பேசினர். ஒரு வீட்டார் தங்கள் பங்குக்கு மன்னிக்கலாம். அடுத்த வீட்டாரின் பங்கையும் சேர்த்து மன்னிக்க எவராலும் முடியாது.

இனி, தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் செய்தி. 2013ஆம் ஆண்டு குவைத்தில் வேலை பார்த்த இரு இந்தியர்களிடையே நேர்ந்த தகராறில் ஒருவர் உயிரிழந்தார். இறந்தவர் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்து முஸ்லிம். கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர் நம் தஞ்சை மாவட்டத்து இந்து சகோதரர். மரண தண்டனை உறுதியாயிற்று. இறந்தவரின் மனைவி மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் மட்டுமே உயிர் பிழைக்கலாம் என்ற நிலை. தஞ்சையிலிருந்து அந்தச் சகோதரரின் மனைவி மலப்புரம் சென்றார். பாணக்காடு ஸெய்யித் முனவ்வர் அலீ ஷிஹாப் தங்ஙள் அவர்களைச் சந்தித்தார். தாம் யார், தம் கணவர் செய்தது என்ன என்பதைச் சொல்லியே உதவி கேட்டார். இறந்தவரின் குடும்பம் சம்பாதித்துப் போடுபவரை இழந்து வறுமையில் இருந்தது. ஈட்டுத்தொகையாக 30 இலட்சம் ரூபாய் பேசப்பட்டது. கேட்டு வந்த பெண்ணால் திரட்ட முடிந்தது 5 இலட்சம். மீதியைத் தங்ஙளும் நல்லோரும் சேர்ந்து திரட்டினர். 2017 நவம்பரில் அந்தக் கைம்பெண் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார். பின்னர் மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது.

இச்செய்தியை மதநல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாகப் பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாடத்தக்கதே. ஆனால் எல்லோரும் திரட்டியவர்களைப் பாராட்டினார்களே தவிர, கையெழுத்திட்ட அந்தப் பெண்மணியைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேனாவைப் பிடித்த நேரத்தில் அவர் கண்முன் யார் வந்து நின்றிருப்பார்? பிள்ளைகளிடம் அன்றிரவு என்ன சொல்லியிருப்பார்? முப்பது இலட்சம் அவருடைய வறுமைக்கு மருந்தாகலாம். கையெழுத்து அவர் தன் உள்ளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. அதற்கு எந்த வங்கியிலும் கணக்கு இல்லை.

பிறகு இந்தத் திரட்டல்கள் பெரிதாகிக்கொண்டே போயின. சவூதியில் 2006ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு மரணத்திற்காகத் தண்டிக்கப்பட்ட கோழிக்கோட்டுச் சகோதரர் ஒருவரை மீட்க, 2024 ஏப்ரலில் 34 கோடி ரூபாய் திரண்டது. ஓர் உயிர் பிழைத்ததில் மகிழ்ச்சியே. எனினும், தொகை ஊரறிய ஏறிக்கொண்டே போகும்போது, மறுபக்கத்தில் பிள்ளையை இழந்த ஒரு வீடு இருப்பதை மக்கள் மறந்துவிடுகிறார்களோ என்ற அச்சம் எனக்கு உண்டு. 2025 ஜூலையில், யமனில் மரண தண்டனை பெற்ற கேரளச் செவிலியர் ஒருவரின் விஷயத்தில், கொல்லப்பட்டவரின் சகோதரர் மன்னிக்க முடியாது என்று வெளிப்படையாகவே கூறினார். தண்டனை தள்ளிப்போடப்பட்டபோதும் அவர் தம் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பெண் பிழைக்க வேண்டுமென்று நானும் துஆ செய்தவன்தான். ஆயினும் அந்தச் சகோதரரை ஏச எனக்கு நா எழவில்லை. மறுக்கும் உரிமை இல்லாதவர் கொடுக்கும் மன்னிப்புக்கு என்ன பொருள்?

நம் மஹல்லாக்களில் பஞ்சாயத்து பேசும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விபத்தோ, அடிதடியோ, எதுவாயினும் மய்யித்து வீட்டுக்குச் சமாதானம் பேசப் போகும்போது உறையைப் பையில் வையுங்கள். காரணமானவரைக் கையோடு அழைத்துச் செல்லுங்கள். அவர் வரத் தயாராக இல்லையென்றால் நீங்களும் போகாதீர்கள். இத்தா இருக்கும் பெண்ணிடம் நன்மையைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.

மாணவர் ஊருக்குத் திரும்பிய மறுநாள், தஹஜ்ஜுத்துக்கு எழுந்த அம்மாவிடம் மலப்புரத்துச் செய்தியைச் சொன்னேன். அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. காது சற்று மந்தம். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பணம் எவ்வளவு என்பதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

“அந்தப் பொண்ணு, தான் யாருன்னு சொல்லித்தான் போச்சா?”

“ஆமாம்மா. சொல்லித்தான் போச்சு.”

“அப்ப சரி” என்றார். பிறகு ஒளுச் செய்யத் தண்ணீர் எடுக்க எழுந்து போனார்.